அமெரிக்கக் கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம்: எந்த ஆசிரியரைக் கேட்பது?

இளவேனில் (நியூ ஜெர்சி)

வணக்கம். பையன் பதினொன்றாம் வகுப்பு முடிக்கப் போகிறான். எம்.ஐ.டி., கால்டெக், ஜார்ஜியா டெக், யு.சி. (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) பெர்க்லி, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆகிய ஐந்துக்கும் விண்ணப்பிக்க எண்ணம். ஆசிரியர் கடிதம் இரண்டு வேண்டும் என்கிறார்கள். கண்ணில் படுகிறவர்கள் நான்கு பேர்.

ஏபி (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் பாடம்) கால்குலஸ் ஆசிரியர்: வகுப்பில் இவனுக்கு ஏ பிளஸ். ஏபி இயற்பியல் ஆசிரியை: மதிப்பெண் பி பிளஸ்தான், ஆனால் வகுப்பு முடிந்தும் அவரிடம் நின்று பேசிக்கொண்டிருப்பான். பதினொன்றாம் வகுப்பு ஆங்கில ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பில் கம்ப்யூட்டர் நடத்தியவர்: இப்போது ரோபோட்டிக்ஸ் குழுவின் பொறுப்பாளரும் அவரே.

யாரைக் கேட்கலாம்? எப்போது, எப்படிக் கேட்பது?

கவுன்சலர்_கார்த்திகா (டெக்சாஸ்)

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் ஒவ்வொரு கல்லூரியும் என்ன கேட்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

உங்கள் பட்டியலில் எம்.ஐ.டி.யும் கால்டெக்கும் ஒரே மாதிரி: ஒரு கடிதம் கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியரிடமிருந்து, இன்னொன்று மொழி, வரலாறு, சமூக அறிவியல் பக்கத்திலிருந்து. இரண்டையும் கணித, அறிவியல் ஆசிரியர்களிடமே வாங்கினால் நிபந்தனை நிறைவேறாது. ஜார்ஜியா டெக்கில் ஆசிரியர் கடிதம் கட்டாயமில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகம் பரிந்துரைக் கடிதங்களைப் பார்ப்பதே இல்லை. யு.சி. விண்ணப்பத்தோடும் கடிதம் அனுப்ப வழியில்லை. பெர்க்லி மட்டும் சில விண்ணப்பதாரர்களுக்குப் பிறகு மின்னஞ்சலில் அழைப்பு அனுப்பிக் கேட்கும். அழைப்பு வராவிட்டால் அனுப்பக் கூடாது.

ஆக, ஆங்கில ஆசிரியர் உறுதி. கால்குலஸா இயற்பியலா என்பதுதான் கேள்வி. நான் இயற்பியல் என்பேன்.

இளவேனில்

பி பிளஸ் போட்டவரிடமேவா? அது நாமே குறையைச் சுட்டிக்காட்டுவது போல ஆகாதா?

கவுன்சலர்_கார்த்திகா

ஆகாது. ஏ பிளஸ் ஏற்கெனவே மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. அதையே கடிதமும் சொன்னால் படிப்பவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பட்டியலில் பி பிளஸும் இருக்கிறது. அதற்குப் பின்னால் எப்படிப்பட்ட மாணவன் இருக்கிறான் என்று சொல்ல அந்த ஆசிரியை ஒருவரால்தான் முடியும்.

இரண்டு மாதிரி எழுதிக் காட்டுகிறேன். முதலாவது:

"என் வகுப்பில் எப்போதும் முதல் இடம். கடின உழைப்பாளி, பணிவானவன், எல்லோருடனும் நன்றாகப் பழகுவான். எந்தக் கல்லூரிக்கும் பெருமை சேர்ப்பான்."

இரண்டாவது:

"சாய்தளச் சோதனையில் உராய்வுக் கெழு மூன்று முறையும் வேறு வேறாக வந்தது. மற்ற குழுக்கள் சராசரி எடுத்து முடித்துக்கொண்டன. இவன் கட்டையின் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தான். தூசி படியப் படிய மதிப்பு எப்படி மாறுகிறது என்று மறுநாள் ஓர் அட்டவணையோடு வந்தான். அந்தப் பாடத்தின் தேர்வில் அவனுக்குக் கிடைத்தது பி."

முதல் கடிதத்தில் பெயரை மாற்றினால் பள்ளியில் இருபது பேருக்குப் பொருந்தும். இரண்டாவது ஒருவனுக்கு மட்டும்தான். இப்படி ஒரு காட்சியைத் தன் கண்ணால் பார்த்தவர் யார் என்பதை வைத்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பையனையே உட்காரவைத்துக் கேளுங்கள்: "இந்த ஆசிரியர் முன்னால் நீ என்ன செய்தாய், அவர் என்ன பார்த்தார்?" ஓர் ஆசிரியருக்கு மூன்று நிகழ்ச்சி சொல்ல வந்தால் அவரிடம் போகலாம். "நல்லாப் படிப்பேன்னு தெரியும்" என்பதோடு நின்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டும்.

இயற்பியல்_டீச்சர் (கோயம்புத்தூர்)

கார்த்திகா மேடம் சொன்னதோட இன்னொண்ணு சேர்க்கறேன். கடிதம் மட்டும் இல்லைங்க, காமன் ஆப்ல (பல கல்லூரிக்கும் ஒரே இடத்துல விண்ணப்பிக்கற இணையதளம்) ஆசிரியருக்குன்னு ஒரு படிவமும் இருக்கு. அதுல கட்டம் கட்டமா டிக் பண்ணணும். பாடத் தேர்ச்சி, எழுத்துத் திறன், சொந்தமா யோசிக்கறது, வகுப்பு விவாதத்துல பங்கு, தோல்வியை எப்படி எடுத்துக்கறாங்க, நேர்மை, அடுத்தவங்க மேல அக்கறை, இப்படி நீளமா போகும். ஒவ்வொண்ணுக்கும் சராசரிக்குக் கீழே, சராசரி, நன்று, மிக நன்று, முதல் 10 சதவீதம், முதல் 5 சதவீதம், கடைசியா "என் பணிக்காலத்தில் சந்தித்த மிகச் சிலரில் ஒருவர்"னு படிகள். "சொல்ல ஆதாரமில்லை"ன்னும் ஒரு கட்டம் இருக்கு.

நம்ம ஊர்ல "நன்று"ன்னா நல்ல வார்த்தை. அந்தப் படிவத்துல அது கீழே இருந்து மூணாவது படி. இது தெரியாம நல்லெண்ணத்தோட எல்லாத்துக்கும் "நன்று" போட்டா பிள்ளைக்கு நஷ்டம். அதேபோல, பாடம் நடத்திட்டுப் போயிடற ஆசிரியர் பாதிக் கட்டங்களுக்கு "ஆதாரமில்லை"தான் போட முடியும். பிள்ளையோட எழுத்தையும் பேச்சையும் குழுவா வேலை செய்யறதையும் சேர்த்துப் பார்த்தவங்களைக் கேட்கச் சொல்றது இதனாலதான். லேப் நடத்தற ஆசிரியருக்கு இதுல இயல்பாவே ஒரு வசதி உண்டு.

முகிலன் (சான் ஹோசே)

ஒன்பதாம் வகுப்பு கம்ப்யூட்டர் ஆசிரியரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவரை முக்கிய இரண்டில் ஒருவராக வைக்க வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் முக்கியப் பாடம் நடத்தியவரைத்தான் எதிர்பார்க்கின்றன. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் இன்றைய பிள்ளைக்கும் நிறைய வித்தியாசம். பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர் என்றால் வேறு சிக்கல்: நியூ ஜெர்சியில் பள்ளி திறப்பதே செப்டம்பரை ஒட்டி. முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்கான நவம்பர் 1 கெடுவுக்குள் அவர் உங்கள் பையனைப் பார்த்திருப்பது இரண்டு மாதம்தான்.

ரோபோட்டிக்ஸ் பொறுப்பாளர் என்ற முறையில் அவரைக் கூடுதல் பரிந்துரையாளராகச் சேர்க்கலாம். காமன் ஆப்பில் "அதர் ரெக்கமண்டர்" என்று தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் அதில் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக வைத்திருக்கிறது. சிலவற்றில் ஒருவர்கூடக் கூடாது. இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்பவும் வேண்டாம். மற்ற இருவரும் சொல்ல முடியாத ஒன்றை இவர் சொல்வார் என்றால் மட்டும்: போட்டிக்கு முந்தின இரவு நிரல் உடைந்தபோது குழுவை எப்படி நடத்தினான் என்பது போல.

தேன்மொழி (கோயம்புத்தூர்)

எங்க சொந்தத்துல ஒருத்தர் எம்.எல்.ஏ.கிட்ட லெட்டர் வாங்கித் தரேங்கறார். அதைச் சேர்த்தா வெயிட்டா இருக்காதா?

முகிலன்

அக்கா, வேண்டவே வேண்டாம். பிள்ளையை அறியாத பெரிய மனிதரின் கடிதத்தில் "நல்ல குடும்பம், அறிவான பிள்ளை" என்பதற்கு மேல் எதுவும் வராது. படிப்பவருக்குத் தெரிவது பெற்றோருக்குச் செல்வாக்கு இருக்கிறது என்பது மட்டும்தான். அந்த இடத்தைக் காலியாக விடுவது நல்லது.

வார_இறுதித்_தமிழ்ப்பள்ளி (வர்ஜீனியா)

இங்கே பல குடும்பங்கள் கேட்கும் கேள்வி: ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியரின் கடிதம் செல்லுமா? முக்கிய ஆசிரியர் கடிதமாகச் செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில மாவட்டங்களில் தமிழுக்கு மொழி கிரெடிட் கொடுத்தாலும், அவர் உங்கள் உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியர் அல்லர். கூடுதல் கடிதமாக நன்றாகப் பொருந்தும். அதுவும் பிள்ளை அங்கே உதவி ஆசிரியராக இருந்து, சின்னக் குழந்தைகளுக்கு ல, ள, ழ சொல்லிக்கொடுத்து, இரண்டு மூன்று ஆண்டு விடாமல் வந்திருந்தால். ஆண்டுவிழாவில் பரிசு வாங்கியதைச் சொல்ல ஒரு கடிதம் தேவையில்லை. அது செயல்பாடுகள் பட்டியலில் ஒரு வரி.

இளவேனில்

சரி, ஆங்கிலமும் இயற்பியலும் என்று முடிவு செய்துவிட்டோம். இனி எப்படிக் கேட்பது?

கவுன்சலர்_கார்த்திகா

மே மாதத்திலேயே, கோடை விடுமுறைக்கு முன்னால். பல ஆசிரியர்கள் ஓராண்டுக்கு இத்தனை கடிதம்தான் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். முதலில் கேட்டவருக்கு முதலிடம். செப்டம்பரில் போனால் "இடம் முடிந்தது" என்ற பதில் வரும். ஆங்கில ஆசிரியர்களிடம் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், எல்லோரும் அவரிடம்தான் போவார்கள்.

பையன்தான் கேட்க வேண்டும், பெற்றோர் அல்ல. நேரில், வகுப்பு இல்லாத நேரத்தில், இரண்டு நிமிடம். "எனக்கு வலுவான கடிதம் எழுதுமளவுக்கு என்னைத் தெரியும் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். "வலுவான" என்ற சொல் அங்கே முக்கியம். அது ஆசிரியருக்கு மறுக்க ஒரு வழி விடுகிறது. முகம் மலர்ந்து "கண்டிப்பாக" என்றால் நல்லது. "எழுதித் தரலாம், ஆனால் இந்த வருஷம் நிறையப் பேர் இருக்கிறார்கள்", "வேறு யாரையாவது கேட்டாயா?" என்று இழுத்தால் அது நாகரிகமான மறுப்பு. நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட வேண்டும். கட்டாயப்படுத்தி வாங்கிய கடிதம் வெதுவெதுப்பாக இருக்கும், அது இல்லாமலிருப்பதைவிட மோசம்.

ஒப்புக்கொண்டதும் அன்றே மின்னஞ்சலில் நன்றியும் முதல் கெடு தேதியும். ஆகஸ்டில் ஒரு நினைவூட்டல். கெடுவுக்கு மூன்று வாரம் முன்னால் ஒன்று, ஒரு வாரம் முன்னால் ஒன்று. அதற்கு மேல் தொந்தரவு. ஆசிரியர் பள்ளி மாறப்போகிறார், ஓய்வு பெறப்போகிறார் என்று காதில் விழுந்தால் சொந்த மின்னஞ்சலை உடனே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் பள்ளி முகவரி முடங்கிவிடும்.

இயற்பியல்_டீச்சர்

கடிதம் எழுதறவங்க பக்கத்துல இருந்து ஒரு வேண்டுகோள். விருதுப் பட்டியலோட நாலு பக்க ரெஸ்யூமே குடுத்தா எங்களுக்கு அதுல பயன் கம்மி. ஒரே பக்கம் போதும். என் பாடத்துல அவங்களுக்குப் பிடிச்ச பகுதி எது, ஏன். எது புரியாம கஷ்டப்பட்டாங்க, எப்படி மீண்டாங்க. என் வகுப்புல செஞ்ச ஒரு திட்டப்பணி, முடிஞ்சா திருத்தின தாளோட நகல். எந்தப் படிப்புக்குப் போறாங்க. கடைசியா, கல்லூரி வாரியா கெடு தேதி. நாங்க நூறு பிள்ளைங்களைப் பார்க்கறோம், போன நவம்பர்ல லேப்ல நடந்தது எங்களுக்கும் மங்கித்தான் இருக்கும். "அன்னிக்கு மின்சுற்று வேலை செய்யாதப்ப மல்டிமீட்டரை வச்சு ஒவ்வொரு இணைப்பா பார்த்தேனே மிஸ்"னு ஒரு வரி எழுதிக் குடுத்தா மொத்தமும் ஞாபகம் வந்துடும்.

தேன்மொழி

எங்க பொண்ணு இங்க சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாவது. ஸ்கூல்ல கேட்டா "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தரேன்"ங்கறாங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்களாம்.

முகிலன்

நடைமுறையில் அதைத் தவிர்க்க முடியாது என்று நினைக்கிறேன். ஆசிரியருக்கு நேரமில்லை, இந்த வகைக் கடிதம் எழுதிய பழக்கமும் இல்லை. பிள்ளை நன்றாக எழுதித் தந்தால் என்ன?

இயற்பியல்_டீச்சர்

முகிலன் தம்பி, இதுல நான் ஒத்துக்க மாட்டேன். முதல்ல அது நேர்மை இல்லை, ஆசிரியர் பேர்ல பிள்ளை எழுதறது. அதை விடுங்க, வேலைக்கும் ஆகாது. இயற்பியல் கடிதமும் ஆங்கிலக் கடிதமும் பிள்ளையோட கட்டுரையும் ஒரே நடையில, ஒரே சொற்களோட இருந்தா படிக்கறவங்களுக்குத் தெரிஞ்சுடும். பிள்ளை தன்னைப் பத்தி எழுதறப்ப எப்பவும் சாதனையத்தான் எழுதும். ஆசிரியர் கவனிச்ச சின்ன விஷயம் அதுக்குத் தெரியவே தெரியாது.

மாற்று வழி இருக்குங்க. ஆசிரியர்கிட்ட அரைமணி நேரம் கேளுங்க. ஸ்கூல் கவுன்சலரோ வைஸ் பிரின்சிபாலோ உட்கார்ந்து நாலு கேள்வி கேட்கட்டும்: இந்தப் பிள்ளைய நினைச்சா முதல்ல மனசுல வர்ற காட்சி எது? மத்த பிள்ளைங்ககிட்ட இல்லாத எது இவகிட்ட இருக்கு? எங்க தடுமாறினா? வகுப்புல இவ இல்லைன்னா என்ன குறையும்? ஆசிரியர் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசட்டும், போன்ல பதிவு பண்ணிக்கலாம். அதை அவரே எழுதட்டும், ஆங்கில ஆசிரியர் இலக்கணத்தை மட்டும் பார்த்துத் தரட்டும். பிள்ளை அந்த அறையில இருக்கவே வேண்டாம். எம்.ஐ.டி. தன் தளத்துலயே பரிந்துரைக் கடிதம் எப்படி எழுதணும்னு மாதிரிகளோட விளக்கம் போட்டிருக்கு, ஆசிரியருக்கு அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் குடுங்க. கடிதம் ஒண்ணு ஒண்ணரைப் பக்கம் போதும்.

முகிலன்

ஒப்புக்கொள்கிறேன். ஒரு கேள்வி: கோச்சிங் சென்டர் சாருக்குத்தான் பிள்ளையை நன்றாகத் தெரியும் என்றால்?

இயற்பியல்_டீச்சர்

மதிப்பெண் பட்டியல் எந்தப் பள்ளியிலிருந்து போகுதோ அங்க பாடம் நடத்தினவங்கதான் முக்கியக் கடிதம் தரணும். கோச்சிங் சார் கூடுதல் பிரிவுல மட்டும். நம்ம பக்கம் ஒரு நல்லது: பதினொண்ணு, பன்னிரண்டு ரெண்டுக்கும் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் வருவார். ஜூன்லயே வகுப்பு தொடங்கிடறதால அக்டோபர்ல கேட்டாலும் ஒண்ணேகால் வருஷப் பழக்கம் இருக்கும்.

ஆனா அக்டோபர் வரை போகாதீங்க. ஆயுதபூஜை, காலாண்டு விடுமுறை, தீபாவளி எல்லாம் அந்தக் கெடுவைச் சுத்தித்தான் வரும். 2024-ல தீபாவளி அக்டோபர் 31, அடுத்த நாள் நவம்பர் 1 கெடு, அன்னிக்கும் தமிழ்நாட்டுல விடுமுறை. 2026-ல தீபாவளி நவம்பர் 8. ஜனவரி கெடுன்னாலும் அரையாண்டுத் தேர்வு, செய்முறைத் தேர்வு ஏற்பாடுன்னு ஆசிரியர்கள் தலைக்கு மேல வேலையோட இருப்பாங்க. ஆகஸ்ட்ல கடிதத்தை முடிக்க வச்சிடுங்க.

கவுன்சலர்_கார்த்திகா

தேன்மொழி, உங்களுக்கு இன்னும் சில. ஆசிரியருக்குப் பள்ளியின் பெயரில் மின்னஞ்சல் இருந்தால் அதையே கொடுங்கள். இல்லையென்றால் ஜிமெயில் பரவாயில்லை, ஆனால் அது அவரே திறக்கும் முகவரியாக இருக்க வேண்டும். இரண்டு ஆசிரியருக்கும் பிரின்சிபாலுக்கும் ஒரே முகவரி கொடுப்பது பெரிய தவறு. அழைப்பு வந்ததும் ஸ்பாம் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். கடிதம் பள்ளியின் லெட்டர்ஹெட்டில், தேதி, கையெழுத்து, பதவியோடு. போனில் படம் பிடித்து ஏற்றினால் கோப்பு பெரிதாகி ஏற்க மறுக்கும், எழுத்தும் சாய்ந்திருக்கும். ஒழுங்காக ஸ்கேன் செய்து சின்ன பி.டி.எஃப். ஆக்குங்கள். தமிழாசிரியரைத் தேர்ந்தெடுத்தால் அவர் தமிழிலேயே எழுதலாம். மூலத்தையும் பள்ளி சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பையும் ஒரே கோப்பாகச் சேர்க்க வேண்டும்.

பள்ளியில் கவுன்சலர் இல்லையென்றால் அந்த இடத்தில் பிரின்சிபால் பெயரைப் பதியலாம். பள்ளி அறிக்கை, மதிப்பெண் பட்டியல், பிறகு அரையாண்டு மதிப்பெண் எல்லாம் அவர் கணக்கிலிருந்துதான் போகும் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவரையே பாட ஆசிரியராகவும் போட வேண்டாம். ஒருவரே இரண்டு கடிதம் எழுதினால் ஒரு குரல் குறைகிறது.

இளவேனில்

காமன் ஆப்பில் எதை முதலில் செய்ய வேண்டும்? ஃபெர்பா உரிமையைத் துறக்கச் சொல்கிறது. பயமாக இருக்கிறது.

கவுன்சலர்_கார்த்திகா

ஃபெர்பா என்பது 1974-ஆம் ஆண்டுச் சட்டம், மாணவர் தம் கல்விப் பதிவைப் பார்க்கும் உரிமை. கடிதத்தைப் பொறுத்தவரை, ஒரு கல்லூரியில் சேர்ந்த பிறகு, அந்தக் கல்லூரி கடிதத்தை இன்னும் வைத்திருந்தால் மட்டுமே பார்க்க முடியும். இடம் தர மறுத்த கல்லூரியில் கேட்க முடியாது. துறக்காவிட்டால் ஆசிரியர் மனம் திறந்து எழுதவில்லையோ என்று படிப்பவர் நினைப்பார், சில ஆசிரியர்கள் எழுதவே மறுப்பார்கள். துறந்துவிடுவது நல்லது. இது முடிந்த பிறகுதான் ஆசிரியர்களை அழைக்க முடியும். கடிதங்கள் போகத் தொடங்கிய பிறகு மாற்ற முடியாது, எனவே படித்துப் பார்த்து ஒரே முறையில் சரியாகத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது, பள்ளி நேவியன்ஸ் அல்லது ஸ்கோயர் (பள்ளிகள் கல்லூரிகளுக்கு ஆவணங்களை அனுப்பும் இணையச் சேவைகள்) பயன்படுத்துகிறதா என்று கேளுங்கள். பயன்படுத்தினால் அழைப்பு அதன் வழியாகத்தான், காமன் ஆப்பில் தனியாக அனுப்பக் கூடாது. இரண்டிலும் அனுப்பினால் ஆசிரியருக்கு எதில் ஏற்றுவது என்று குழப்பம். நேரடியாகக் காமன் ஆப் என்றால் ஆசிரியரை அழைத்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு கல்லூரிக்கும் அவரை ஒதுக்க வேண்டும். மிக அதிகமாகத் தவறவிடும் படி இதுதான். ஆசிரியர் கடிதத்தை ஏற்றியிருப்பார், நான்கு கல்லூரிக்குப் போயிருக்கும், ஐந்தாவதுக்கு ஒதுக்காததால் போயிருக்காது.

ஆசிரியர் ஒரே கடிதத்தைத்தான் ஏற்றுவார், அதுவே எல்லாக் கல்லூரிக்கும் போகும். அதனால் கடிதத்தில் எந்தக் கல்லூரியின் பெயரும் வரக் கூடாது. "இவன் கால்டெக்கில் சிறப்பாகப் படிப்பான்" என்ற வரி மற்ற இடங்களுக்கும் அப்படியே போகும், அனுப்பிய பிறகு திருத்த முடியாது. எம்.ஐ.டி. காமன் ஆப்பில் இல்லை. அதன் தளத்தில் ஆசிரியர்களைத் தனியாகப் பதிய வேண்டும், காமன் ஆப்பில் ஏற்றியது அங்கே தானாகப் போகாது. ஆசிரியருக்குத் தரும் பட்டியலில் அந்த ஒரு வரியை வண்ணமிட்டுக் கொடுங்கள்.

தேன்மொழி

பொண்ணு அப்ளிகேஷன் அனுப்பிட்டா, மிஸ்ஸோட லெட்டர் கெடுவுக்குள்ள போகலைன்னா எல்லாம் போச்சா?

கவுன்சலர்_கார்த்திகா

இல்லைங்க. விண்ணப்பத்தை மாணவர் கெடுவுக்குள் அனுப்பியே ஆக வேண்டும், அதற்காக ஆசிரியரின் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டும் தனித்தனியாகப் போகும். கடிதம் சில நாள் தாமதமானாலும் பெரும்பாலான கல்லூரிகள் ஏற்கின்றன. ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தால் கல்லூரிக்கு மாணவரே சுருக்கமாக எழுதிச் சொல்லலாம்.

காமன் ஆப்பில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் கடிதம் அனுப்பப்பட்ட தேதி தெரியும். அதன் பிறகும் கல்லூரியின் சொந்தப் பக்கத்தில் "வரவில்லை" என்றே சில நாள் காட்டும், கோப்பைப் பொருத்த அவர்களுக்கு நேரம் ஆகிறது. பத்து நாள் கழிந்தும் மாறாவிட்டால் ஆசிரியரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். முதலில் விண்ணப்பத்தில் இருக்கும் பெயர் ஆசிரியர் கடிதத்தில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு இனிஷியல்தான் தொல்லை: விண்ணப்பத்தில் அப்பா பெயர் முழுதாகக் கடைசிப் பெயராக இருக்கும், கடிதத்தில் "எஸ்." என்ற ஓர் எழுத்து முன்னால் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயரை எழுதி ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

தேன்மொழி

பாஸ்போர்ட்ல இன்னும் இனிஷியலை விரிக்கலை. இந்த வாரமே பார்க்கறேன். நன்றிங்க.